காவிரிக்கரையில் பொங்கிய மாவு

எனக்குப் பொய் சொல்ல வராது. வராது என்பதற்காக நான் சொல்லாமல் இருந்ததில்லை. அப்படி ஃபோனில் அரை நிமிடத்தில் சொன்ன ஒரு பொய்யால் என் தங்கை கவிதாவின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தேன்.

கவிதாவுக்கும் பிரபுவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டி போகும் கம்பெனி காரில்தான் பழக்கமாகி, பிடித்துப்போனது. மிச்சமிருந்தது பிரபுவின் அப்பா சரி சொல்வதுதான். அவர் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தேங்காயில் ஆரம்பித்து ஸ்கூட்டர் வரை எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பத்தோடு காடு, ஆறு என்று கிளம்பிவிடுவார். ஒருநாள் ஃபோனில் அவர் என்னிடம், "நீங்கல்லாம் கேம்பிங் போவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"மாசா மாசம் சார்!" என்றேன். (நாங்கள் அதிகபட்சம் அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறோம். அதுவும் கொசு கடிக்கிறது என்று அம்மா பாதியில் எழுப்பிக் கூட்டிவந்துவிட்டாள்.)

"அப்ப பொண்ணு பாக்குறத ஆத்தங்கரையிலயே வெச்சிக்கலாம். ஹோட்டல்ல காபி குடிச்சி இன்னா தெரியப்போவுது?" என்றார்.

விஷயம் கேட்டு கவிதா அழுதேவிட்டாள். "டேய் அண்ணா, அவருக்குப் பொய்னாலே ஆவாது. இது மட்டும் கெட்டுப்போச்சின்னா ஜென்மத்துக்கும் உன்கிட்ட பேச மாட்டேன்" என்றாள். அப்போதே அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? ஆபீஸ் நண்பன் ஒருவனிடம் கூடாரம் இரவல் வாங்கினேன்.

அம்மாவுக்கு வேறு கவலை. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டில் என்ன கொடுப்பது? கடைசியில் ஆற்றங்கரையில் சுடச்சுட இட்லி என்று முடிவானது. இட்லிப் பானை, அடுப்பு, சட்னி, பூ, தாம்பூலத் தட்டு, குத்துவிளக்கு வரை காரில் ஏறியது. முந்தின நாள் அரைத்த மாவைத் தூக்குச்சட்டியில் வைத்திருந்தாள் அம்மா. வண்டியில் சிந்தும் என்று நான் அதை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, என் பலத்தையெல்லாம் காட்டித் திருகி மூடினேன்.

"அவ்ளோ டைட்டா மூடாதடா. மாவு பொங்க எடம் வேணும்" என்றாள் அம்மா.

"நான் பாத்துக்கறேன், நீ வண்டியில ஏறும்மா" என்றேன்.

ஆனேக்கல் தாண்டி மூன்று மணி நேரம். காவிரிக்கரையில் மருத மரங்களுக்கு நடுவே முகாம். அருமையான இடம். கூடாரத்தை நிழலில் போட வேண்டும் என்ற ஞானம் எனக்குக் கிடையாது. தரை சமமாக இருக்கிறதே என்று நட்ட நடு வெயிலில் முக்கால் மணி நேரம் கம்பிகளோடு மல்லுக்கட்டி நிறுத்தினேன். எங்களுக்கு முன்பே குடும்பத்தோடு வந்து சேர்ந்திருந்த பிரபுவின் அப்பா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாசா மாசம் போடுறவருதானே?"

"இது புது மாடல் சார்."

அவர் ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தார். நான் மாவு டப்பாவைக் குளுமையாக இருக்கட்டும் என்று கூடாரத்துக்குள் வைத்தேன். (வெயிலில் நிற்கும் கூடாரத்துக்குள் அப்பளமே பொரிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.)

காபி ஆயிற்று. அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வருகிறேன் என்று பிரபுவின் அப்பா கூடாரத்துக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தம்பி, இங்க ஒரு டப்பா உப்பிக்கினு இருக்குதே? தட்டுனா உஸ்சுங்குது."

"தொடாதீங்க சார்!" என்று நான் கத்துவதற்குள் பரிசோதகர் மூடியைத் திருகிவிட்டார்.

'டப்' என்று ஒரு சத்தம். அவர் துள்ளியதில் நான் நிறுத்திய கம்பிகள் அத்தனையும் ஒரே சமயத்தில் ராஜினாமா செய்தன. சரிந்த துணிக்கடியிலிருந்து தவழ்ந்து வந்தவரை அவர் மனைவிக்கே அடையாளம் தெரிந்திருக்காது. தலை, மீசை, கண்ணாடி எல்லாம் வெள்ளை.

கழுவிக்கொள்ள அவர் தடவித் தடவி ஆற்றை நோக்கி நடந்தார். முகாமின் காவலர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். "சார்! நீரிகெ இளிபேடி! மொசளெ இதெ!" தண்ணீரில் முதலை இருக்கிறதாம். மனிதர் போன வேகத்திலேயே திரும்பிவந்து வெயிலில் நின்றார். மாவு காய ஆரம்பித்தது. அம்மா குத்துவிளக்கைப் பார்த்து அழுதாள். கவிதாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. முதலை இருக்கும் பக்கம் நானே போய்விடலாமா என்று இருந்தது.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கவிதாதான் வந்தாள். குடிக்கக் கொண்டுவந்த கேன் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு அவர் தலையில் ஊற்றினாள். "கண்ண மூடிக்குங்க மாமா. எங்க அண்ணன் சொன்னது பொய். நாங்க கேம்பிங் வர்றது இதான் மொத தடவ. இந்த டென்ட்டும் இரவல்." சொல்லும்போதும் ஊற்றுகிற கை நிற்கவில்லை.

மாவுக்குள்ளிருந்து ஒரு கண் திறந்தது. "கம்பிய தலகீழா சொருவும்போதே தெரியும்மா. யாராச்சும் ஒருத்தர் வாயத் தொறந்து சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்" என்றார்.

அவர் மனைவி அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போது வெடித்தது. பிரபுவும் சிரித்தான். அம்மா மட்டும் சிரிக்காமல் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, "அடியில கொஞ்சம் இருக்குது, ஆளுக்கு ரெண்டு வரும்" என்றாள். வந்தது. அவர் நான்கு சாப்பிட்டார். சாயங்காலம் திரும்புவதற்குள் தட்டு மாற்றிக்கொண்டோம்.

கல்யாணமாகி நாலு வருடம் ஆகிறது. இன்றும் கோடை வந்தால் அவரிடமிருந்து எனக்கு ஃபோன் வந்துவிடும். "தம்பி, ஞாயித்துக்கெழம ஆத்தங்கரைக்குப் போறோம். டென்ட்ட நான் போட்டுடறேன். மாவையும் நானே மூடி எடுத்தாறேன். நீங்க உள்ள போயி படுத்துக்கினா போதும்."

"அன்னிக்கு ஆபீஸ்ல தலபோற வேல மாமா" என்பேன்.

"நெசமாவா?" என்று மெதுவாகக் கேட்பார். நான் "அது வந்து மாமா..." என்று இழுக்கும்போது, அவருக்குப் பின்னால் மொத்த வீடும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்கும். எல்லாரையும்விடச் சத்தமாகக் கவிதா.