நான்கு கதவுகளுக்கு ஒரு கதவு எண்

காரைக்கால் மாவட்டத்தின் ஒரு முனையில் காரைக் கிளப்பி, ஐந்தாவது கியரைப் போட்டு, அதன் இன்பத்தை நுகரத் தொடங்குவதற்குள் தமிழ்நாடு வந்துவிடும். இத்தகைய மாவட்டத்தில் ஒருவருக்குக் கார் எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே. நகரை ஒட்டிய தருமபுரத்தில் வசித்த தங்கையனுக்கு அது எழுந்தது. அவருடைய மனைவி அல்லிக்கு எழவில்லை. அல்லியின் அக்காள் தேவிகா மயிலாடுதுறையில் தம் மகளுக்குத் திருமணம் நிச்சயித்திருந்தார். "நாங்க எங்க கார்லயே வந்துடுறோம் அக்கா" என்று அல்லி தொலைபேசியில் சொல்லிவிட்டார். சொன்னபோது கார் இல்லை. சொல்லிவிட்டபடியால் வாங்க வேண்டியதாயிற்று.

கார் வந்தது. வெள்ளை நிறம், ஏழாண்டுத் தவணை. அது வாசலில் நின்ற கணத்திலேயே அல்லி ஒரு விதியை அறிவித்தார்.

"முதல் பயணம் திருநள்ளாறுதாங்க. சனீஸ்வரனைப் பாக்காம வண்டி வேற எங்கயும் உருளக்கூடாது. அதுவும் சனிக்கிழமைதான் போகணும்."

"ஷோரூம்லேருந்து இங்க உருண்டுதானே வந்துச்சு?"

"அது பொறந்த வீட்டுலேருந்து வந்தது. கணக்குல சேராது."

சனிக்கிழமைகளிலோ, கூட்டம் மிகுதியென்று திருநள்ளாற்று எல்லையிலேயே காவலர்கள் தடுப்பு வைத்துக் கார்களைத் திருப்பி அனுப்பினர். முதல் பயணத்தில் பாதி வழியில் திரும்பும் வண்டி விளங்காது என்பது அல்லியின் துணைவிதி. ஆகவே ஒவ்வொரு சனிக்கிழமையும் தங்கையன் பேருந்தில் திருநள்ளாறு சென்று, கார் வர இயலுமா என்று பார்த்து, இயலாதென்பதை உறுதிசெய்துகொண்டு, பேருந்திலேயே திரும்பினார். போன இடத்தில் சனீஸ்வரனையும் தரிசித்தார். இவ்வாறு பதின்மூன்று சனிக்கிழமைகள். அவரிடம் எந்தத் தோஷமும் மிஞ்சவில்லை. காரிடம் மட்டுமே மிஞ்சியது.

"செவ்வாய்க்கிழமை போயிட்டு வந்துடலாமே அல்லி. ரோடு காலியா கெடக்கும்."

"செவ்வாய்க்கிழமைன்னா வைத்தீஸ்வரன்கோயில்தாங்க போகணும். மொதல்ல அங்க போனா சனீஸ்வரன் சும்மா இருப்பாரா?"

அடுத்த வீட்டு லூர்துநாதன் தம் பழைய அம்பாசடருக்குள் கோழி வளர்த்துவந்தவர். மதிலுக்கு மேலே தலையை நீட்டி அவர் கேட்டார்: "அண்ணே, என் வண்டியாவது முட்டை போடுது. உங்க வண்டி என்ன போடுது?"

தங்கையன் வங்கிக்குப் புறப்பட்டார். அன்று தவணைத் தேதி.

பதின்மூன்றாம் சனிக்கிழமை கழிந்த திங்களன்று, அசையாப் பொருள் கணக்கெடுப்பு அலுவலர் சிவசுப்பிரமணியன் கோப்பும் கையுமாக வந்தார். காரின் முன் சக்கரத்தருகே குனிந்தார். மூன்று மாதங்களுக்கு முன் சக்கரத்தையும் தரையையும் இணைத்து அவர் வரைந்த சாக்பீஸ் கோடு, பிசகாமல் அப்படியே இருந்தது.

"இது உங்களுதுங்களா?"

"ஆமா சார். புது வண்டி."

"வண்டின்னு நீங்க சொல்றீங்க. கோடு வேற சொல்லுது." அலுவலர் கோப்பைப் பிரித்து ஓதினார்: "'தொண்ணூறு நாள்கள் ஓரிடத்தில் அசைவின்றி நிலைபெற்று, கூரையும் கதவும் உடையதாய் விளங்கும் யாதொரு பொருளும் கட்டடம் எனக் கருதப்படும்.' கூரை இருக்கா?"

"இருக்கு சார்."

"கதவு?"

"நாலு."

"சன்னல்?"

"அதுவும் நாலு. கண்ணாடி போட்டது."

"வசதியான வீடு. கழிப்பறை?"

"கார்ல ஏது சார் கழிப்பறை?"

"இல்லையா? அப்ப அதுக்குத் தனியா ஒரு நோட்டீஸ் வரும்."

பதிவெண் பலகைக்குப் பக்கத்திலேயே '17-அ' என்னும் கதவு எண் பொருத்தப்பட்டது. தங்கையன் நம்பிக்கையோடு கேட்டார்: "வீடுன்னு ஆயிடுச்சுன்னா, இனிமே சாலை வரி கட்ட வேண்டாம்ல சார்?"

"சாலை வரிக்கு அது வண்டிங்க. வீட்டு வரிக்கு அது வீடு. ரெண்டு வரிக்கும் நாங்க பாகுபாடு பாக்குறதில்ல."

"நான் ஓட்டிக்கிட்டுப் போனா?"

"கட்டடத்தை இடிச்சதா ஆகும். இடிக்கிறதுக்கு அனுமதி வாங்கணும். மனு குடுங்க, தொண்ணூறு நாள்ல பதில் வரும்."

"கல்யாணம் இன்னும் முப்பது நாள்ல இருக்கு சார்!"

"அப்ப கல்யாணத்தை நகர்த்துங்க. அதுக்குக் கதவு எண் கிடையாதே."

தங்கையன் உடைந்துபோனார். தெருவோ மலர்ந்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு கதவு எண்கள் என்னும் செய்தி பரவியதும், கார் வைத்திருந்தோர் யாவரும் வண்டியைத் துடைக்கவும் அஞ்சினர். துடைக்கும்போது அசைந்துவிட்டால் தொண்ணூறு நாளும் வீண். பல காலமாகக் கிடந்த வண்டிகளுக்கு உடனே எண் கிடைத்தது. லூர்துநாதனின் அம்பாசடர் '18-அ' ஆயிற்று. அவர் பங்குத்தந்தையை அழைத்து வீடு மந்திரிக்கச் செய்தார். கோழிகள் குடியிருப்போராகப் பதிவாயின. எதிர் வரிசையில் ஒருவர் மாவிலைத் தோரணம் கட்டி, தம் காரின் முன்மூடியின் மேல் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சி, முறைப்படி புதுமனை புகுந்தார். வண்டி ஓட்டிச் செல்வோரைக் கண்டால், "இன்னும் ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கீங்களா, பாவம்" என்று ஊர் இரங்கியது.

திருமண நாளும் வந்தது. பட்டுப்புடவையும் பட்டுவேட்டியும் கசங்கப் பேருந்தில் நின்றுகொண்டே இருவரும் மயிலாடுதுறை சேர்ந்தனர். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு தேவிகா நின்றார். தெரு முழுவதையும் கண்ணால் ஒருமுறை அளந்தார்.

"ஏன்டி அல்லி, எங்கடி உன் கார்?"

சுற்றி நின்ற சம்பந்திகள் அனைவரும் திரும்பினர். தங்கையன் தரையைப் பார்த்தார். அல்லி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"வீட்டை யாராவது கல்யாணத்துக்குத் தூக்கிக்கிட்டு வருவாங்களா அக்கா? காரைக்கால்ல எங்களுக்கு இப்ப ரெண்டு வீடு."

தேவிகாவின் கணவர் தம் கார்ச் சாவியை எடுத்து, எவரும் அறியாமல் மடியில் செருகிக்கொண்டார். அன்று அவர் ஆட்டோவில் வீடு திரும்பியதாகக் கேள்வி.

தங்கையனும் அல்லியும் மாலையில் பேருந்தேறினர். காரைக்கால் நெருங்க நெருங்க அதில் மூச்சுவிடவும் இடமில்லை. ஊரில் கார் வைத்திருந்த அனைவரும் அதில் இருந்தனர். தருமபுரத் திருப்பத்தில் பேருந்து நின்றது. எஞ்சினும் நின்றது.

"இறங்குறவங்க இறங்கலாம்" என்றார் ஓட்டுநர். "இனிமே வண்டி போகாதுங்க. முன்னாடி பூரா வீடு. பின்னாடியும் லாரி, நகர மாட்டான்."

படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த சிவசுப்பிரமணியன் (அவருடைய கார் '42-அ') இறங்கி முன் சக்கரத்தருகே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். வேடிக்கை பார்க்கப் பாதிப் பேர் இறங்கினர்.

"கூரை இருக்கு. கதவு ரெண்டு. சன்னல் ஏராளம்" என்று முணுமுணுத்தபடி கோடு வரைந்தார்.

நான்கு மாதங்களாக அடக்கிவைத்திருந்த கோபமெல்லாம் தங்கையனுக்கு ஒருசேரப் பொங்கியது. "சார்! நியாயமா இது? உள்ள நாங்க இருக்கோம் சார்!"

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் அலுவலர், நிமிராமலே. "ஆள் குடியிருந்தா சீட்டுக்கு ஒரு எண் குடுக்கலாம்."

இப்போதாவது ஊர் கொதித்தெழும் என்று தங்கையன் எண்ணினார். ஊர் எழுந்தது, எழுந்து, கீழே இறங்கியவர்களின் காலி இருக்கைகளை நோக்கிப் பாய்ந்தது. அல்லி அவருடைய முழங்கையைக் கிள்ளினார்.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே! சன்னலோரம் காலியா கெடக்குங்க. துண்டைப் போடுங்க!"

தங்கையன் போட்டார்.