எனக்குச் சேரவேண்டிய பன்னிரண்டு நாட்கள்

'எண்டைட்டில்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் 'உரிமை' என்று போட்டிருக்கிறது. அலுவலகக் காகிதங்களில் அதற்கு 'உனக்குச் சேரவேண்டியது' என்று பொருள். இப்போதெல்லாம் அதையே, எல்லாம் தனக்குத்தான் என்று நினைக்கிற ஆளைத் திட்டவும் பயன்படுத்துகிறார்கள். என் அம்மா இது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருக்கிறாள்: கொழுப்பு. இருபத்து மூன்று வயதில் எனக்கு அது எக்கச்சக்கமாக இருந்தது.

அந்த ஜனவரியில்தான் மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த அன்று எல்லோருக்கும் ஒரு விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். மற்றவர்கள் அதை அலமாரியில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நான் படித்தேன். (பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை.) வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு என் எண்டைட்டில்மெண்ட் என்று அதில் அச்சாகியிருந்தது.

புத்தகத்தில் இல்லாத வழக்கம் ஒன்று எங்கள் வார்டில் இருந்தது. தசராவுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்தவ நர்சுகள் டூட்டி பார்ப்பார்கள். கிறிஸ்துமசுக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

விஜயதசமிக்கு முந்தின வாரம் சுமா என்னிடம் வந்தாள். "ஸ்டெல்லா, குண்டலுபேட்டைலேந்து மாமியார் வீட்ல எல்லாரும் ஜம்பூ சவாரி யானை ஊர்வலம் பாக்க வர்றாங்க. அன்னிக்கு டூட்டி நீ பாத்துக்கறியா?"

நான் புத்தகத்தைப் பிரித்து வரியில் விரலை வைத்துக் காட்டினேன். "நானும் லீவு எழுதிக் கொடுத்துட்டேன் சுமா. இது என் உரிமை."

சுமா புத்தகத்தை மூடி என் கையில் கொடுத்தாள். பிறகு போய்விட்டாள். விஜயதசமியன்று அவள் டூட்டி பார்த்தாள். நான் கூட்டத்தில் நசுங்கி, ஒரு யானையின் வாலை மட்டும் பார்த்தேன். கிறிஸ்துமசுக்கும் அதே பக்கத்தைக் காட்டி லீவு வாங்கினேன். யாரும் சண்டை போடவில்லை. அதைப் பார்த்தாவது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை டேனியல், வீடு கொள்ளேகால். மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டில் மோதிரம் மாற்றுவதாக ஏற்பாடு. பன்னிரண்டு நாளும் தீர்ந்துபோயிருந்தது. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. காலை டூட்டி இரண்டு மணிக்கு முடியும். அடுத்த ஷிப்டுக்கு சுமா வருவாள். ஆட்டோ பிடித்தால் அரை மணி நேரத்தில் வீடு.

இரண்டு மணி ஆயிற்று. சுமா வரவில்லை. இன்சார்ஜ் ஜயம்மா சிஸ்டரிடம் ஓடினேன்.

"சுமா இவத்து லீவு, இன்னிக்கு வரமாட்டா. போர்டுல காலைலயே ஒட்டியாச்சே, நீ பாக்கலியா? அவளுக்கும் நாள் மிச்சம் இருக்குல்ல?" என்றார்.

"அப்ப யாரு சிஸ்டர் வருவாங்க?"

"யாராவது ஒத்துக்கிட்டா அவங்க. இல்லேன்னா ஆள் வர்ற வரைக்கும் நீ வார்ட விட்டுப் போகக் கூடாது. அதுவும் உன் புக்லதான் இருக்கு." (இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை.)

ஐந்து பேருக்குப் போன் செய்தேன். எல்லோரும் தேனாகப் பேசினார்கள். ஒருத்தி வீட்டில் விருந்தாளி. ஒருத்தி தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாளாம். இன்னொருத்தி, "இன்னிக்கு எனக்கு வீக்லி ஆஃப். அது என் எண்டைட்டில்மெண்ட் அல்வா, இல்லியா?" என்று என் குரலிலேயே கேட்டாள்.

நான்கு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "எல்லாரும் வந்தாச்சுடி! பாஸ்டர் ஆறு மணிக்கு வேற எடத்துக்குப் போகணுமாம். பொண்ணுக்கு இஷ்டமில்லியான்னு மாப்ளையோட மாமா கேக்கறார். நான் ஏனு சொல்லட்டும், என்னன்னு சொல்லட்டும்?"

"டூட்டின்னு சொல்லும்மா!"

"சொல்லிட்டேன். நிச்சயதார்த்தத்தன்னிக்கு எந்தப் பொண்ணு டூட்டிக்குப் போவாங்கறாங்க. மணி அஞ்சர வரைக்கும் பாத்துட்டுக் கெளம்பிடுவாங்களாம்."

எனக்கு டேனியலைப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அவரை என் வாயாலேயே தொலைத்துவிட்டேனோ என்று பயந்தேன். மூன்றாவது முறையாக ஒன்பதாம் படுக்கைக்காரருக்கு ஊசி குத்த நரம்பைத் தேடினேன். "சிஸ்டர், நாளைக்கு வேணா குத்திக்கலாமே" என்றார் அவர் பாவமாக.

ஐந்து மணிக்கு மேல் வார்டு வாசலில் வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் வந்து நின்றார். சரியாக அதே நேரத்தில் பதினாலாம் படுக்கை என் மேல் வாந்தி எடுத்தது.

"நீதானா ஸ்டெல்லா? நான் டேனியலுக்குத் தாய்மாமன். நெசமாலுமே வேலைலதான் இருக்கறயா கண்ணு? எங்கயோ ஓடிப்போயிட்டயாட்ட இருக்குதுன்னு பேசிக்கிட்டாங்க."

"எனக்குச் சம்மதங்க மாமா! அவர்கிட்ட சொல்லுங்க, எனக்கு முழுச் சம்மதம்!" என்று கத்தினேன். இருபத்திரண்டு படுக்கையும் திரும்பிப் பார்த்தது. ஒன்பதாம் படுக்கைக்காரர், டிரிப்ஸ் ஏறாத கையால் தொடையைத் தட்டினார்.

மாமா அங்கேயே போனை எடுத்தார். "மோதரத்தப் போட்டுருங்கப்பா. புள்ள இங்கதான் இருக்குது. வாந்தி அள்ளிக்கிட்டு நிக்குது."

அப்படித்தான் நடந்தது. நாற்காலியில் என் போட்டோவை நிறுத்தி, அதற்கு முன்னால் மோதிரத்தை வைத்து பாஸ்டர் ஜெபம் செய்தாராம். ஓர் அத்தை ஆசையாகப் போட்டோவுக்கு மாலை போடப் போக, அம்மா வீறிட்டாளாம்.

மறுநாள் சுமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அன்னிக்கு யானை போற சத்தம் வார்டுக்குக் கேட்டுது ஸ்டெல்லா. அழுதுட்டேன்" என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லா விஜயதசமிக்கும் நான்தான் டூட்டி.

ஆனால் வீட்டில் அந்த நிச்சயதார்த்த ஆல்பம் இருக்கிறது. விருந்தாளி யார் வந்தாலும் டேனியல் அதை எடுத்துவிடுவார். போன கிறிஸ்துமசுக்கு எங்கள் மகள் அத்தனை பேர் நடுவில் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டுக் கேட்டாள்: "அம்மா, உன் நிச்சயதார்த்தத்துக்கு உன்ன யாருமே கூப்பிடலியா?"

"கூப்பிட்டமே கண்ணு. அம்மாவுக்குத்தான் லீவு கெடைக்கல" என்றார் டேனியல்.