முந்நூறு வருஷத்துக்கு முந்தின சாவு

கும்மிடிப்பூண்டி வட்டாரத்திலேயே உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களிடம் அதிகப் பழக்கம் வைத்திருந்த ஆள் எங்கள் ஃபோர்க்லிஃப்ட் அண்ணன்தான். புதுவாயல் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் பேக்கிங்கில் இருந்தேன். அடையாள அட்டையில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

வார லீவு வந்தால் மற்றவர்கள் கோயிலுக்குப் போவார்கள், பீச்சுக்குப் போவார்கள். அண்ணன் பழைய கல்லறைகளைப் பார்க்கப் போவார். புதுக் கல்லறை என்றால் திரும்பியும் பார்க்க மாட்டார். "நூறு வருஷமாவது படுத்துக்கினு இருக்கணும். இப்போ செத்தவன்லாம் இன்னும் டிரெயினிங்ல கீறான்" என்பார்.

ஒரு தீபாவளி லீவுக்குத் தரங்கம்பாடி போய், நாற்பது கல்லறைப் படங்களோடு திரும்பினார். கல்யாண நாளுக்கு மனைவியைச் சதுரங்கப்பட்டினம் கூட்டிப் போனார். கடற்கரையைத்தான் காட்டப் போகிறார் என்று நம்பி அந்த அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனது. மூன்று நாள் அண்ணனுக்கு டிபன் பாக்ஸ் வரவில்லை.

அவருக்குப் பேய் நம்பிக்கையும் கிடையாது, சரித்திரமும் தெரியாது. கல்லில் செதுக்கியிருப்பதில் வருஷத்தை மட்டும் படிப்பார். அவருடைய அக்கறையெல்லாம் பாரத்தில்தான். கல்லைத் தட்டிப் பார்ப்பார், முழம் போட்டுப் பார்ப்பார்.

"ரெண்டு டன்னு வரும். கப்பல்ல வந்து, படகுல மாத்தி, மணல்ல இஸ்துக்கினு வந்து இறக்கிக்கிறான். கிரேன் இல்ல, ஃபோர்க்லிஃப்ட் இல்ல. ஒரு மூலை ஒடைஞ்சுக்குதா பாரு! நம்ம கம்பெனில டேபிள் ஃபேன் இறக்குனாலே ரெக்க போயிடுது."

வீட்டில் மட்டும் அவருடைய பாச்சா பலிக்காது. கல்லறைக்குப் போய்வந்தவர் குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது என்று அக்கா வாசலிலேயே வாளியோடு நிற்கும்.

"செத்து முந்நூறு வருஷம் ஆச்சுடி. இன்னும் இன்னா தீட்டு?"

"தீட்டு மேல எக்ஸ்பைரி டேட்டா போட்டுக்குது? ஊத்திக்கினு உள்ள வா."

என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருந்தது. மாப்பிள்ளை எளாவூர். பெண்ணுக்குப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டில் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. சபையில் என்ன கேட்பார்களோ, என்ன சொல்வதோ என்று பயம்.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "வா நைனா, பழவேற்காடு போய் வரலாம். அங்க கீறவங்க யாரும் உன்ன ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க."

போனேன். பழைய டச்சுக்காரர்களின் கல்லறை அது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நின்றன. நம்ம கேட் செக்யூரிட்டிக்குச் சொல்வதுபோல அவற்றுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு அண்ணன் உள்ளே போனார். பொன்னேரியில் வாங்கிய சாமந்தி மாலையைப் பெரிய கல் ஒன்றின் மேல் போட்டார்.

"யாருக்குணா மாலை?"

"படுத்துக்கினு கீறவனுக்கு இல்ல. இந்தக் கல்ல இறக்குனான் பாரு, அவனுக்கு. அவன் பேர எவன் செதுக்குனான்?"

பிறகு என்னைக் கல் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். கேமராவைக் கண்டால் எனக்குத் தலை தானாகக் குனிந்துவிடும். கண்ணும் மூடிக்கொள்ளும். அந்தப் படத்தை, ஒரு வார்த்தைகூட எழுதாமல், கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்.

கல்லறை, புது மாலை, தலைகுனிந்து நிற்கும் நான். முதலில் ஒருவர் கைகூப்பினார். அடுத்தவர் "ஆழ்ந்த இரங்கல்" போட்டார். சூப்பர்வைசர், "மூணு நாள் லீவு எடுத்துக்கோங்க" என்றார். மூன்று வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத லீவு அது. போதாததற்கு, அக்காவிடம் பாடம் கேட்டிருந்த என் மனைவி தெருவே பார்க்க வாசலில் வைத்து என் தலையில் தண்ணீரை ஊற்றினாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா எங்கள் கம்பெனியில்தான் லோடிங்கில் இருந்தார். சாயங்காலத்துக்குள் எளாவூரிலிருந்து போன் வந்துவிட்டது.

"சாவு விழுந்த ஊட்ல நாங்க கை நனைக்க மாட்டோம். ஒரு வருஷம் போவட்டும், பாக்கலாம்" என்றார் பையனின் அப்பா.

அந்தப் 'பாக்கலாம்' எப்படிப்பட்டது என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். சாவே விழவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "சரிங்க."

உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அண்ணன் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு எளாவூர் போனார். செக்போஸ்ட் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார் சம்பந்தி. பழைய லாரி டிரைவர். எங்களைப் பார்த்ததும் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அண்ணன் கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் போனை நீட்டினார். "வருஷத்தப் பாருங்க சார். கழிச்சுப் பாருங்க."

சம்பந்தி விரல் விட்டுக் கழித்தார். நம்பாமல் இன்னொரு முறை கழித்தார். "முந்நூறுக்கு மேல வருதே!"

"அதான் சொல்றேன். பதினாறாம் நாள் காரியம்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சிரிப்புச் சத்தம் கேட்டது. பையனின் அம்மா. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. "சம்பந்தமே இல்லாதவனுக்கு மாலை எதுக்குய்யா?"

அண்ணன் கல்லைப் பற்றிச் சொன்னார். இரண்டு டன், படகு, மணல், உடையாத மூலை. சம்பந்தி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"உருளை போட்டு இஸ்துருப்பான்" என்றார்.

"மணல்ல உருளை புதைஞ்சிடாதா?"

"பலகை போட்டுட்டு உருளை போட்டிருப்பான்யா! ஓட்ட மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

ஒரு மணி நேரம் அந்தக் கல்லை இருவரும் டயரையும் ஜாக்கியையும் வைத்து இறக்கினார்கள், ஏற்றினார்கள், மறுபடி இறக்கினார்கள். டீ வந்தது. நான் குடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"குடிங்க சம்பந்தி. ஞாயித்துக்கெழம காலைல ஒம்போது மணிக்கெல்லாம் வந்துருவோம். நிச்சயம் முடிஞ்சதும் இந்த ஆளு எனக்கு அந்தக் கல்லக் காட்டணும்."

என்னை அவர் 'சம்பந்தி' என்றது அதுதான் முதல் தடவை.

வரும் வழியில் பின் சீட்டிலிருந்து மகளுக்குப் போன் செய்தேன். "வராங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அண்ணன் அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"காத்து கண்ல அடிக்குதா நைனா?"

"ஆமாணா."

கொல்கத்தா ஹைவேயில் எந்த லாரியையும் முந்தவிடாத அந்த மனிதர், புதுவாயல் வரைக்கும் சைக்கிள் வேகத்திலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார்.