பனியை ஒழித்த நண்டோடைக் குப்பம்

உலக வரலாற்றில் பனிப்பொழிவை அடியோடு ஒழித்துக்கட்டிய ஊர் ஒன்றே ஒன்றுதான். அது பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் நண்டோடைக் குப்பம். வட துருவத்தை ஒட்டிய நாடுகள் நூறு வருஷமாக இயந்திரங்களோடு மல்லுக்கட்டியும் முடியாத காரியத்தை இங்கே ஒரே பருவத்தில் முடித்துவிட்டார்கள். அதுவும் திட்டச் செலவில் ஒரு கூடை ஜல்லிகூட வாங்காமல்!

இந்தச் சாதனைக்கு வித்திட்டவள் நண்டு வியாபாரி ஹேமாவதி. பாவம், அது அவளுக்கே தெரியாது. அவள் கேட்டதெல்லாம் ரெண்டு லோடு ஜல்லி. ஊர்ச் சாலையின் வளைவில் ஒரு பள்ளம். ஐப்பசி மழையில் அது குளமாகிவிடும். விடியற்காலையில் கூடைகளோடு மீஞ்சூர் சந்தைக்குக் கிளம்பும் கேசவனின் ஆட்டோ அங்கே ஒரு சாய்வு சாயும். கூடை கவிழும், நண்டு ஏரிக்குத் திரும்பிவிடும். நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. இல்லாவிட்டால் அவளுக்கு நண்டு பிடித்துத் தரும் பத்துப் பெண்கள் வீட்டில் அன்றைக்கு உலை ஏறாது. மழை வருவதற்குள் பள்ளத்தை மூடச் சொல்லிப் பதினொரு மனு கொடுத்தாள்.

பதிலுக்கு ஒரு அதிகாரியே நேரில் வந்துவிட்டார். “குளிர்காலச் சாலைப் பராமரிப்புக்கான பன்னாட்டு அறிவுப் பகிர்வுத் திட்ட”த்தின் சிறப்பு அலுவலர் பொன்னுரங்கம். பனி நாடு ஒன்றில் இரண்டு வாரம் தங்கி “அறிவு” பெற்றுத் திரும்பியவர். அங்கே வாங்கிய கம்பளிக் குல்லாவை, வியர்வை வழிந்தாலும், கழற்றுவதாக இல்லை. கூட்டம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் நடந்தது. மீஞ்சூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பள்ளத்துக்கு முன்னாலேயே அந்தக் கட்டடம் வந்துவிடும். அதனால் பள்ளத்தைப் பார்க்கும் சிரமம் அவருக்கு இல்லை.

“உங்க ரோட்டுல வருஷத்துக்கு எத்தனை அங்குலம் பனி விழுதும்மா?”

“பனியா? எங்க ரோட்டுல ஆட்டோதான் சார் விழுது.”

“அப்படியா, வழுக்குதா?”

“பள்ளம் சார்! இடுப்பளவு பள்ளம்! ரெண்டு லோடு ஜல்லி குடுங்கோ, போதும்.”

பொன்னுரங்கம் கனிவோடு சிரித்தார். “ஜல்லிக்கு நிதி இல்லம்மா. அறிவுக்குத்தான் நிதி வந்திருக்கு.”

அடுத்த வாரமே அறிவு லாரியில் வந்து இறங்கியது: அறுபது மூட்டை உப்பு, ஒரு வெப்பமானி, ஓர் ஆணை. வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால், பனி உருகச் சாலையில் உப்பைப் போட வேண்டும். கேசவன் “உறைநிலைக் கண்காணிப்பாளர்” ஆனான். தினம் மூன்று வேளை கர்ம சிரத்தையாகப் பார்த்தான். வெப்பமானி இருபத்து நாலுக்குக் கீழே இறங்குவேனா என்றது.

இறங்கியது மழைதான். பள்ளம் குளமானது, ஆட்டோ நின்றது. நாலு நாளில் நண்டெல்லாம் கூடையிலேயே செத்தன. பிடித்து வந்த காரப்பொடி மீன் குவியல் குவியலாகக் கிடந்தது. வயிறெரிந்துபோய் நின்ற ஹேமாவதியின் கண்ணில் உப்பு மூட்டைகள் பட்டன.

“யக்கா, அது சர்க்கார் உப்புக்கா!” கேசவன் அலறினான்.

“ரோட்டுல போடத்தான குடுத்தாங்கோ? ரோட்டுலதான் போடப் போறோம். கூட மீன் இருக்கக் கூடாதுனு எங்கனா எழுதிக்குதா?”

கேசவன் ஆணையை ரெண்டு தடவை படித்தான். எழுதியிருக்கவில்லை.

மழை விட்டு வெயில் அடித்ததும், உப்பில் ஊறிய காரப்பொடியைப் பெண்கள் கருவாட்டுக்காகத் தார்ச்சாலையில் பரப்பினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேர். சரியாக அன்றைக்குத்தான் பொன்னுரங்கம் ஆய்வுக்கு வந்தார். மூக்கு அவரிடம் உண்மையைச் சொன்னது. ஆனால் மூக்கு அறிக்கையில் கையெழுத்துப் போடுவதில்லை. தூர நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார். “திட்டத்துக்கு முன்: பனி மூடிய சாலை.”

“இதை எப்பம்மா அள்ளுவீங்க?”

“சாயங்காலம் சார்.”

நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார். அள்ளி முடித்ததும் சாலை கன்னங்கரேலென்று மின்னியது. “திட்டத்துக்குப் பின்” படத்தில் ஒரு வண்டி ஓடினால் இன்னும் எடுப்பாக இருக்குமே! கேமராவைக் கேசவனிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“சார், வளைவாண்ட பள்ளம் கீது!”

“திட்ட அறிக்கையில பள்ளம் கிடையாதும்மா.”

ஜீப் கம்பீரமாகப் போய், மூக்கு குத்திப் பள்ளத்தில் இறங்கியது. குல்லா தண்ணீரில் மிதந்தது. கதவு வரைக்கும் தண்ணீர்.

“அம்மா! ஒரு கயிறு போடுங்கம்மா!”

“கயிறு இல்ல சார். அறிவு கீது. குடுக்கட்டா?”

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஏரிக்கரையில் நின்ற கொக்கெல்லாம் பறந்துவிட்டது. பொன்னுரங்கம் ஜீப்பின் கூரைமேல் ஏறி நின்று யாருக்கோ போன் போட்டார். நாற்பதே நிமிஷத்தில், “அவசர நிதி”யில், ரெண்டு லோடு ஜல்லி வந்து கொட்டியது. ஜீப் கரையேறியது. பள்ளமும் மூடியது.

ஹேமாவதி ஒரு கை ஜல்லியை அள்ளிப் பார்த்தாள். குல்லாவைப் பிழிந்துகொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

“நாங்க வுழுந்தா வராது, நீங்க வுழுந்தாத்தான் ஜல்லி வரும்னு மொதல்லியே சொல்லிருக்கக் கூடாதா சார்? பதினொரு மனு எழுதறதுக்குப் பதிலா, ஒரே தள்ளா தள்ளிருப்பேனே!”