புந்தோங் அதிர்ச்சி நிவாரணக் குழுவும் ஒரு பஸ்ஸும்

உலகத்தில் மனநோயே இல்லாத ஒரே இடம், மலேசியாவின் ஈப்போ நகரை ஒட்டிய எங்கள் புந்தோங்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. 1982ஆம் ஆண்டு எங்கள் அதிர்ச்சி நிவாரணக் குழு ஏகமனதாக நிறைவேற்றிய தீர்மானம் இது. முன்மொழிந்தவர் தலைவர் இராமசாமி. வழிமொழிந்தவன் அடியேன். கல்லூரியில் மனோதத்துவம் படிப்பவன் என்பதால் குழுவின் "நிபுணர்" பதவி எனக்கு. பாடப்புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் பாதி படித்திருந்தேன். மீதிப் பாதியில் என்ன இருக்கும் என்று ஊகிக்கிற அறிவு இயற்கையாகவே இருந்தது.

குழு பிறந்ததற்குக் காரணம் உடையப்பன் அண்ணன். ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது புந்தோங்குக்குக் குடிவந்தவர். குத்தகைக்காரரின் லோரியில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்கு வேலைக்குப் போய்வந்தார். ஒரு மழைநாளில் லோரி கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சன்னாசி அங்கேயே இறந்துபோனார். அண்ணனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். அந்த முடிவுக்கு அவர் ஒத்துழைக்கவில்லை. இஞ்சின் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டார். கண்ணயர்ந்தால் சன்னாசியின் பேரைச் சொல்லி அலறினார். சக்கரம் வைத்த எதிலும் ஏற மறுத்தார். பரிசோதித்த டாக்டர் அவர் மனைவி செல்லாயி அக்காவிடம், "தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போங்க, குணமாயிடும்" என்றார்.

தஞ்சோங் ரம்புத்தானில் கடைத்தெரு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜனங்களும் இருக்கிறார்கள். ஆனால் பேரைச் சொன்னால் அங்கேயுள்ள மனநல ஆஸ்பத்திரி ஒன்றுதான் எங்கள் பேராக் மாநிலத்துக்காரன் கண்ணுக்குத் தெரியும்.

"அங்கயா?" என்றார் தலைவர். "வீட்டுல பொண்ணு வளந்து நிக்கிது செல்லாயி. நாளைக்கு யாரு கட்டுவா? நாங்க பாத்துக்கிறோம்லா."

"அவரு தூங்கியே மாசக்கணக்காச்சுண்ணே."

"தூக்கந்தானே. எனக்குந்தான் வர மாட்டேங்குது. நான் என்ன அங்கயா போயிட்டேன்?"

இந்த வாதத்தையும் குழு ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. சிகிச்சை தொடங்கியது.

முதல் கட்டம், "விசாரிப்பு". புந்தோங்கே ஹார்லிக்ஸ் போத்தலும் பிஸ்கட் டின்னுமாகத் திரண்டு வந்தது. வந்தவர்கள் உட்கார்ந்ததும், "எப்படி ஆச்சுண்ணே? மொதல்லேருந்து சொல்லுங்க" என்பார்கள். அவரும் முதலிலிருந்து சொல்வார். "சன்னாசி கையப் புடிச்சேன்..." என்ற இடத்தில் குரல் நின்றுவிடும். உடனே எல்லோரும், "அதையே நெனைக்காதீங்க, மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, தாங்கள் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தாங்களே பிரித்துச் சாப்பிடுவார்கள். அடுத்த கோஷ்டி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் கட்டம், கூட்டு மருத்துவம். பூசாரி வேப்பிலை அடித்தார். சாப்பாட்டுக் கடை நஜ்முதீன் பாய் பள்ளிவாசலிலிருந்து ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார். குடித்துவிட்டு அண்ணன் அன்றும் விழித்தே இருந்தார்.

"தைப்பூசத்துக்குள்ள லோரி ஏறலன்னா வேற ஆளு போட்டுருவாங்களாம்" என்று செல்லாயி அக்கா என்னிடம் வந்து நின்றார். நவீன விஞ்ஞானம் களத்தில் இறங்கியது.

என் முறைக்கு "அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளல்" என்று பேர். புத்தகத்தின் படித்த பாதியில் இருந்தது. முதலில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நிற்க வைத்தேன். அடுத்து பஸ் நிற்கும் இடத்திலேயே. பிறகு நின்ற பஸ்ஸில் ஏறி உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கண்ணே, மொத தடவ அப்படித்தான் இருக்கும்" என்றேன். ஒருநாள் பஸ் நகர்ந்தது. அவருக்கு வியர்த்து ஊற்றியது, ஆனால் இறங்கவில்லை. என் சிகிச்சை பலித்ததைப் பார்த்து மிகவும் அதிர்ச்சியடைந்தவன் நான்தான்.

அடுத்த பயிற்சி ஈப்போ பெரிய பஸ் நிலையத்தில். தலைவர் இராமசாமி எங்களுக்கு முன்பே குடையும் கையுமாகத் தனியாக நின்றிருந்தார். அவருடைய கடமையுணர்ச்சியை நான் மெச்சினேன். அவர் ஏனோ மெச்சப்பட விரும்பாதவர்போல் நெளிந்தார். அதற்குள் செல்லாயி அக்கா அண்ணனின் கையைப் பிடித்து ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் "தஞ்சோங் ரம்புத்தான்".

தலைவர் பஸ் வாசலை மறித்தார். "எந்த பஸ்ல வேணும்னாலும் ஏறு செல்லாயி. இதுல மட்டும் வேணாம். புந்தோங் பேரு என்னாவறது?"

"புந்தோங் நல்லாத் தூங்குதுண்ணே," என்றார் அக்கா. "இவருதான் தூங்கல."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ நிபுணர்தானே, ஏறி எறக்கிக் கொண்டா."

ஏறினேன். "அண்ணே, விஞ்ஞான ரீதியா..." என்று ஆரம்பித்தேன். தலைவரைக் குடையோடு நிலையத்திலேயே விட்டுவிட்டு பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் காய்கறிக்கடை காளியம்மா, கல்லூரி நண்பன் ஜெயபாலன் என்று தெரிந்த முகங்களாக நின்றன. நவீன மனோதத்துவத்தின் புந்தோங் பிரதிநிதி இரண்டு இருக்கைகளுக்கு நடுவே குந்தித் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மேலிருந்து வியர்வையில் நனைந்த ஒரு கை வந்து என் கையைப் பிடித்தது.

"பயப்படாத தம்பி," என்றார் உடையப்பன் அண்ணன். "மொத தடவ அப்படித்தான் இருக்கும்."

ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்த எல்லோரும் நாளிதழை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்கள். தமிழர்களிடையே வாசிப்புப் பழக்கம் இல்லை என்பவர்கள் அங்கே வந்து பார்க்க வேண்டும். கீழே தெரிந்த செருப்புகளில் பல, உடையப்பன் அண்ணன் வீட்டு வாசலில் நான் பார்த்தவை. எனக்கும் ஒரு நாளிதழ்த் தாள் கிடைத்தது. "இராமசாமி, புந்தோங்" என்று கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. புந்தோங்கில் இராமசாமிகள் நிறைய.

நர்ஸ் என் தாளைத் தட்டினார். "நீங்க?"

"நான் சும்மா... தொணைக்கு வந்தேன்."

"இங்க எல்லாரும் தொணைக்குத்தான் வந்திருக்காங்க," என்று சொல்லி, முகத்தைத் திறந்து வைத்திருந்த ஒரே மனிதரைப் பார்த்தார். "வாங்கண்ணே, உள்ள போலாம்."

ஆகவே எங்கள் தீர்மானத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. புந்தோங்கில் மனநோய் இல்லை. வைத்தியத்துக்குப் போகிற ஆளை பஸ் வாசலில் மறிக்கத் தலைவரும், அந்த ஆளை இறக்கிக் கொண்டுவர என்னைப் போன்ற நிபுணர்களும் உள்ளவரை, இனியும் இருக்காது.