ஐஸ் பெட்டிக்கு ஒரு போட்டோ

எந்தப் பக்கம் நின்று எடுத்தாலும் கண்ணாடிக்குள் கவியரசனின் மூஞ்சிதான் தெரிந்தது. பிணம் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள் தன் மூஞ்சியைத் தானே பார்ப்பது யாருக்கும் பிடிக்காது. கவியரசனுக்கு எரிச்சல் வந்தது. அவனுக்கு எதற்குமே முதலில் வருவது எரிச்சல்தான்.

அதற்குக் காரணமும் உண்டு. கள்ளக்குறிச்சியில் போட்டோகிராபர் என்றால் கண்ணாடிக் கதவு போட்ட ஸ்டுடியோ இருக்க வேண்டும், உள்ளே அருவி வரைந்த திரை தொங்க வேண்டும். கவியரசனிடம் இருந்தது ஒரு கேமரா, இரண்டு லைட், ஒரு பைக். கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் விளம்பரப் படம் எடுப்பது அவன் தொழில். வேலை கொடுக்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில், "கடை எங்க வெச்சுக்கினு இருக்கீங்க?" என்பார்கள். கடை இல்லை என்றதும் அந்த முகங்கள் போகிற போக்கைப் பார்த்தால் சாமியாருக்கும் கோபம் வரும்.

அப்படிக் கேட்காத ஒரே மனிதர், பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் சாதுல்லா. புதிதாக வாங்கிய ஐஸ் பெட்டிகளுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும், பெட்டியை வீட்டுக்கே அனுப்புகிறேன், படம் நன்றாக வந்தால் பந்தல், மேடை, சமையல் எல்லாவற்றுக்கும் இனி நீங்கள்தான் என்று சொல்லியிருந்தார். அன்று விடிந்ததும் வேன் வந்தது. டிரைவர் அன்சர், "சின்னதுரை வூடு இதானே?" என்று கேட்டு, பெட்டியை வாசலில் இறக்கி, பிளக்கைச் சொருகினான். ஆஃப் பண்ணாதீங்க, கூலிங் ஏறட்டும் என்று சொல்லிவிட்டுப் பறந்தான்.

சின்னதுரை மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர். மலைப் புளி வியாபாரத்தில் கட்டிய வீடு. வாசலில் தொழில் நடத்தினால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும் என்று குடிவந்த நாளிலேயே சொல்லி வைத்தவர். நல்லவேளை, சின்னசேலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் படத்தை முடித்துப் பெட்டியை அனுப்பியாக வேண்டும். தவறினால் வேலையும் போகும், வீடும் போகும்.

கூலிங் ஏறியதும் கண்ணாடியில் பனி படர்ந்து எல்லாம் மங்கியது. கவியரசன் பிளக்கைப் பிடுங்கினான். பனி போனது, மூஞ்சி திரும்பி வந்தது. பெட்டியைத் திருப்பிப் போட்டான். மூஞ்சி போனது, தலைமாடு தெற்கே வந்தது. பின்னால் சுவரின் அழுக்கு தெரிந்ததால் இரண்டு வெள்ளை வேட்டிகளைக் கட்டினான். மேலே நிழலுக்கு ஒரு தார்ப்பாய். லைட் ஸ்டாண்டு காற்றில் சாயாமலிருக்கப் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக முட்டுக் கொடுத்தான். நன்றாக இல்லை என்று மனைவி இசைவாணி சொன்னாள். உனக்கு ஃபிரேம் பற்றி என்ன தெரியும் என்று அவள்மேல் பாய்ந்தான்.

எதிர்வீட்டுத் தைலம்மாள் வாசலுக்கு வந்தாள். பார்த்தாள். ஓடிவந்து இசைவாணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கென்று தெரியாமலே இசைவாணிக்கும் அழுகை வந்துவிட்டது.

"எவன் செத்துட்டான்னு இப்ப ரெண்டு பேரும் அழுவறீங்க?" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்தான் கவியரசன்.

அவனை உயிரோடு பார்த்ததில் தைலம்மாளுக்குச் சந்தோஷம் இல்லை, அவமானம்தான். இந்தக் கூத்தை ஓனரிடமே சொல்கிறேன் என்று போனைப் போட்டாள். திரும்பத் திரும்ப அடித்தும் சின்னதுரை எடுக்கவில்லை. கவியரசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் சற்று நேரத்தில் மாலையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் தைலம்மாளின் வாய் என்று கவியரசன் பல்லைக் கடித்தான். தியாகதுருகத்திலிருந்து காரில் வந்த ஒருவர், "பெரியவரு எப்பிடி..." என்று இழுத்தார். கச்சிராயபாளையத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும் தன் அப்பாவையா சாகடிக்கிறார்கள்?

"பெரியவரும் சாவல, சின்னவரும் சாவல. கெளம்புங்க" என்றான். அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார்க் கதவை இவனே திறந்துவிட்டான்.

போன் ஓயாமல் அடித்தது. எல்லாம் துக்கம் விசாரிக்கத்தான் இருக்கும் என்று சுவிட்ச் ஆஃப் செய்தான். பிறகு ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டான்: 'இங்கு யாரும் சாகவில்லை. மாலையுடன் வந்தவர்கள் திரும்பிச் செல்லவும்.' அதைப் படிக்கவே ஒரு கூட்டம் கூடியது. மேளக்காரர்கள் வந்து இறங்கினார்கள். யார் சொல்லி அனுப்பியது என்று அவர்கள் விளக்குவதற்குள் தெருமுனை வரை விரட்டிவிட்டு வந்தான். ஒரு ரோஜா மாலையை மட்டும் வாங்கிப் பெட்டியின் மேல் போட்டுக்கொண்டான். படத்துக்கு எடுப்பாக இருந்தது.

மத்தியானம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஜனம் வந்தது. முன்னால் இறங்கியவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"அவர மாதிரி ஒரு மனுசன் இனிமே எங்களுக்குக் கெடைப்பாரா?"

கவியரசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். போன மாதம் மலையில் ஒரு சாமை அரிசிக் கம்பெனிக்குப் படம் எடுத்துக் கொடுத்திருந்தான். கடை எங்கே என்று கேட்டே கழுத்தை அறுத்த ஊருக்குத் தெரியாத தன் அருமை மலைக்காரர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது. அப்படியும் கோபம்தான் ஜெயித்தது. அந்த மனுசனே நான்தான், உயிரோடுதான் இருக்கிறேன், போய் வேலையைப் பாருங்கள் என்றான். அவர்கள் அவனைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள்.

"இன்னாங்க, யாரோ எவரோன்ற மாதிரி பாத்துக்கினு போறாங்க?" என்றாள் இசைவாணி.

துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்றான் கவியரசன்.

வெயில் சாய்ந்தபோது படம் அவன் நினைத்தபடியே வந்தது. சரியாக அந்த நேரத்தில் வேனும் வந்தது. வேலை முடிந்தது, ஓனர் வருவதற்குள் பெட்டியைத் தூக்கு என்று அன்சரை விரட்டினான். அன்சர் நகரவில்லை. கேட்டில் தொங்கிய அட்டையைப் படித்தான். பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்தான். பிறகு வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே இன்னொரு பெட்டி இருந்தது.

"போட்டோ புடிக்கற பொட்டி இதாண்ணே, காலையில எறக்குனது உங்க ஓனருக்கு, அவர ஏத்திக்கினு சின்னசேலத்துலேர்ந்து ஆம்புலன்ஸ் வந்துக்கினே இருக்குது."