மேல்மாடி பிரிண்டருக்கு மை வைத்த விவகாரம்

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஜகதீசன் மாமாவுக்கு,

திருமுல்கேரி இரண்டாம் மாடியிலிருந்து மருமான் ஸ்ரீகாந்த் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியம். வைஃபைக்கு மட்டும் உடம்பு சரியில்லை. காரைக்குடியில் அத்தையும் உங்கள் ஜெராக்ஸ் கடையும் நலமா?

விஷயம் இதுதான். வீட்டுக்கு ஒரு வயர்லெஸ் பிரிண்டர், ஸ்கேனரோடு, கைக்கு அடங்கின விலையில் வேண்டும் என்று அப்பா இரண்டு மாதமாக ஆராய்ச்சி. மெஷின் மலிவு என்றால் மை கொள்ளை விலை, மை மலிவு என்றால் மெஷின் கொள்ளை விலை, இரண்டும் மலிவு என்றால் ஸ்கேனர் இல்லை. இதற்கிடையில் நான் போனில் சும்மா தேடினால், மேல்மாடி சாம்பசிவம் அங்கிளின் பிரிண்டர் பாஸ்வேர்டே இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கை சும்மா இருக்குமா மாமா? ‘பசிக்கிறது’ என்று ஒரு பக்கம் அனுப்பினேன். மறுநாள், ‘நேற்று வைத்த பேப்பரில் உப்பு கம்மி’. மூணாம் நாள் அங்கிள் மெஷினுக்கு எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு எங்க வீட்டுக்கு இறங்கி வந்து, “யாரோ மை வெச்சுட்டாங்க சார்”ங்கிறார். “பிரிண்டர்னா மை வெக்காம?”ன்னு அப்பா சீரியஸா கேக்கறார். “அந்த மை இல்ல சார், மந்திர மை! இது எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம். ரெண்டு நாள் வெச்சுப் பாருங்க, பிடிச்சா பாதி விலை குடுங்க.”

நம்ம வீட்டுக்கு வந்ததும் பேய் பரம சாது. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனா, “போன வருஷம் ஆசையா வாங்கினது சார்”னு மெஷினைத் தடவிட்டு அங்கிள் படியேறினப்போ எனக்குச் சிரிப்பு நின்னுடுச்சு மாமா. உண்மையைச் சொல்லலாம்னா, பத்தாவது பரீட்சை முடியறவரைக்கும் என் போன் பீரோவுக்குள்ள போயிடும். அதனால, சாயங்காலம் அப்பா உங்ககிட்ட அபிப்பிராயம் கேப்பார். “தங்கமான மெஷின் அத்தான், ஆனா பாதி விலைக்கு வாங்கினா ராசியில்ல, முழுசா குடுத்துடுங்க”ன்னு ஒரு வார்த்தை போடுங்க. அங்கிளுக்கும் நஷ்டமில்ல, போனும் பிழைக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் கடை மெஷின்கள் பேப்பர் சிக்காமல் பல்லாண்டு ஓடட்டும்.

இப்படிக்கு,
தற்காலிக நல்ல பிள்ளை
ஸ்ரீகாந்த்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை அதே மெஷினில் ஸ்கேன் பண்ணி ‘ஈமெயில்’ பட்டனை அமுக்கினேன். அது யாருக்கு என்று கேட்கவே இல்லை. அங்கிள் தன் முகவரியை எப்பவோ அதில் போட்டு வைத்திருக்கிறார். இப்போது போனோடு கீழே வந்து, “ஏதோ கடுதாசி வந்திருக்கு சார், எழுத்து பொடிசா இருக்கு, ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்களேன்” என்கிறார். அப்பா உற்சாகமாகப் பேப்பர் அடுக்குகிறார். இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மாமா, மேலே எழுதியதெல்லாம் கேன்சல். உடனே அப்பாவுக்குப் போன் போட்டு, அது படு மோசமான மெஷின், தொடவே தொடாதீங்க என்று சொல்லவும்.